லாத்தாவின் பெயரில்

நாம் துபாயில் இருப்பது தெரிந்துவிட்டால் போதும், ஊரில் நம்மை மறந்துபோன அத்தனை பேருக்கும் நம் ஞாபகம் வந்துவிடும். கல்லூரியில் என்னோடு இரண்டு வார்த்தை பேசாதவள்கூட தொலைபேசியில் அழைத்து, "உன் ரூம்ல தங்க இடம் இருக்கும்ல?" என்று கேட்டாள். நான் அங்கே மாளிகை கட்டிக் குடியிருப்பதாக நினைப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று துபாயில் கிளை திறந்திருந்தது. அதில் முதுகலை படிக்கப் போயிருந்தேன். பர் துபாயில் மீனா பஜாருக்குப் பின்னால், லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு பழைய கட்டடத்தில், இரண்டு அறை வீட்டில் ஓர் அறை எனக்கு. அதில் ஒரு கட்டில், ஒரு மேசை, சன்னலை அடைத்துக்கொண்டு எந்நேரமும் இரைகிற ஒரு ஏசி. அவ்வளவுதான்.

மற்ற அறையில் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த தம்பதி இருந்தார்கள். கீழக்கரைப் பக்கத்துக்காரர்கள். அவருக்கு பஜாரில் சூட்கேஸ் கடை. அந்த அம்மாவை லாத்தா என்றும் அவரைக் காக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் அக்காவுக்கும் அண்ணனுக்கும் அதுதான் முறை. லாத்தாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. மாதாமாதம் அரசாங்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விட்டு வருகிற நாளில் மட்டும் அடுப்படியில் பாட்டுச் சத்தம் கேட்காது.

வாடகைக்கு எடுத்த வீட்டில் இன்னொருவருக்கு அறை கொடுப்பது சட்டப்படி தப்பு. பர் துபாயில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், எல்லோரும் அதற்குப் பயந்தும் கிடந்தார்கள். அதனால் அந்த வீட்டில் சில கட்டுப்பாடுகள் இருந்தன. செருப்பை வாசலுக்கு வெளியே விடக்கூடாது. விருந்தாளிகளின் துணியைப் பால்கனியில் காயப்போடக்கூடாது. கீழே நின்று கொடியில் தொங்கும் துணியைப் பார்த்தே எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. அழைப்பு மணி அடித்தால் நான் கதவைத் திறக்கக்கூடாது, காக்காதான் திறப்பார். முதலில் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு, இன்றைக்கும், எதிர்பாராமல் மணி அடித்தால் நான் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை.

அந்தக் கோடையில் வந்தவள் என் கல்லூரித் தோழி. கூட அவள் கணவன். அவனும் எங்கள் வகுப்புதான். இரண்டு பேருக்கும் சாதி வேறு. வீட்டுக்குத் தெரியாமல் திருச்சிக்கு வெளியே ஒரு சின்ன முருகன் கோயிலில் அவன் தாலி கட்டினான். அட்சதைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். வெளியே வந்து எல்லோரும் சாம்பார் சாதம் சாப்பிட்டோம், படம் எடுத்துக்கொண்டோம், கல்யாணம் முடிந்தது. பதிவு அலுவலகம் என்று ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. தாலி ஏறிவிட்டது, மாலை மாற்றியாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்றுதான் நினைத்தோம். ஒரு வருடம் கழித்து இரண்டு வீட்டிலும் அரைமனதாகப் பேச ஆரம்பித்தார்கள். அதன் பிறகு அந்த நினைப்பே வரவில்லை.

அவனுக்கு அபுதாபியில் ஒரு நேர்முகத்தேர்வு. அதைச் சாக்காக வைத்து இரண்டு பேரும் விசிட் விசாவில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அவளுடையதில் அவள் அப்பா பெயர், அவனுடையதில் அவன் அப்பா பெயர். காகிதத்தைப் பார்த்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. விமான நிலையத்தில் நான் போய் நின்றேன். வெளியே வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. விமானத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

லாத்தா போட்ட நிபந்தனைப்படி நானும் அவளும் என் கட்டிலில் படுத்தோம், அவன் ஹாலில் சோபாவில் படுத்தான். வெயில் காலம் என்பதால் சாயங்காலம்தான் வெளியே கிளம்புவோம். எனக்கு முன்கோபம் அதிகம். விருந்தாளி என்றால் ஊர் சுற்ற வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும். இவள் எங்கே போனாலும் உட்கார இடம் தேடினாள். துணிக்கடையில் ஸ்டூல் கேட்டாள். கடலைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். "இதுக்குத் திருச்சியிலேயே இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுப்படியில் லாத்தா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டார்.

"அந்தப் புள்ள முழுகாம இருக்குதா?"

"தெரியலையே லாத்தா."

"எனக்குத் தெரியுது. மீன் வாடைக்கு மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுது. மத்தவகளப் பாத்துப் பாத்துத்தானே எனக்கு இதெல்லாம் பாடம்." மீனைத் திருப்பிப் போட்டார். "கல்யாணப் பேப்பர் கொண்டாந்திருக்காகளா?"

"பேப்பரா? கழுத்துல தாலி தொங்குதே."

"இங்கிட்டுத் தாலிய யாரு பாப்பாக? இவுகளுக்கு அது ஒரு சங்கிலி. வயித்துல புள்ளையோட ஆஸ்பத்திரிக்குப் போனா மொதக் கேள்வி பேப்பர்தான். இல்லேன்னா இங்க அது குத்தம், போலீசு. ரெண்டு பேரையும்."

அடுத்த கட்டடத்தில் கடை ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கல்யாணம் ஆகாதவள். உதிரப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. உள்ளே இருக்கிறாளா, ஊருக்கு ஏற்றிவிட்டார்களா, யாருக்கும் தெரியாது. "அவ பெட்டி இன்னமும் வாட்ச்மேன் ரூம்லதான் கெடக்கு," என்றார். "சீக்கிரம் ஊருக்கு அனுப்பிரு தங்கச்சி. இங்க ஒண்ணுன்னா எங்க வீட்டு அவுக விசாவும் போயிரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் தோழிக்குக் கல்யாணம் ஆனதற்கு நானே சாட்சி. அவளையும் அந்தப் பெண்ணையும் ஒரே மூச்சில் சொல்வதா? விருந்தாளியை வெளியே தள்ள இது ஒரு வழி என்றுகூட நினைத்தேன். என் அறைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் அன்று சாயங்காலம் ஊருக்கு நடுவே புகுந்து கிடக்கிற கடற்கழி, கிரீக், அதன் ஓரத்தில் படகுக்கு நின்றபோது அவளிடம் கேட்டுவிட்டேன். ஆமாம் என்றாள். கிளம்புவதற்கு முன்பே தெரியுமாம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பத்திரமாகப் போய் வந்துவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்களாம். லாத்தா சொன்னதைச் சொன்னேன். அவன் சிரித்தான். "புருஷன் பொண்டாட்டின்னு சொன்னா நம்ப மாட்டாங்களா? கல்யாண போட்டோ இருக்கே" என்றான். அவள் சிரிக்கவில்லை. இடது பக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டிக்கெட்டை முன்னால் மாற்றப் போனோம். பள்ளி விடுமுறைக் கூட்டம், இடமே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு இடம் வாங்கினோம்.

ஞாயிறுவரை தாண்டிவிட்டால் போதும் என்று இருந்தது. நேர்முகத்தேர்வுக்கு அவன் போகவில்லை. அவளை எங்கும் நடக்க விடவில்லை. கீழே போலீஸ் வண்டி போனால் நான் ஹால் சன்னலுக்கு ஓடுவேன். போலீஸ் வண்டி அந்தத் தெருவில் எப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. அதற்கு முன் நான் கவனித்ததில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு வலி கூடியது. குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். லேசாக இரத்தம் பட்டிருந்தது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. தோள்பட்டையும் வலிக்கிறது என்றாள். வயிற்றில் கோளாறு என்றால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் கிளினிக் இருந்தது. வயிற்றுவலி என்று மட்டும் சொல்லலாம், ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு அவளைத் தாங்கிக்கொண்டு போனோம்.

மலையாளி டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைப் படுக்க வைத்தார். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டார். போன வாரம் என்றாள் அவள். பேசி வைத்த பொய். டாக்டர் இடது பக்கம் கையை வைத்து அழுத்தினார். அவள் கத்தவில்லை, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுருட்டிக்கொண்டாள். டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மோளே, எங்கிட்ட பொய் சொல்லண்டா. இது வெறும் வயித்துவலி இல்ல."

நான் உண்மையைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் பக்கத்துக் குழாயிலேயே தங்கியிருக்க வேண்டும், குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் போகும், ஒருவேளை ஏற்கெனவே போக ஆரம்பித்திருக்கலாம் என்றார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் இருக்கு டாக்டர். ஊருக்குப் போயிட்டா?"

"ஞாயித்துக்கிழமை வரை இது நிக்காது."

"அங்க பேப்பர் கேப்பாங்களே."

"கேப்பாங்க," என்றார்.  கையில் எடுத்த சீட்டில் எதுவும் எழுதாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். வரவேற்பில் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எங்களை அவர் பார்க்கவே இல்லை என்று ஆகிவிட்டது. அது கருணையா பயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வாசலில் டாக்சியை நிறுத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றாள். தெருவில் வைத்துச் சண்டை போட முடியாது. வீட்டுக்குத்தான் வந்தோம். ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டு, "இங்க ஜெயில்ல போட்டா எங்கப்பா என்னைக் கூப்பிட வரமாட்டாரு. நான் செத்துட்டேன்னு சொன்னாக்கூட வருவாரு," என்றாள். அவன் சுவரோரம் நின்றுகொண்டு அழுதான். வேறு ஏதாவது விமானத்தில் இன்றைக்கே இடம் கிடைக்குமா என்று கேட்டான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. "வழியில இவ செத்தா மேலேர்ந்து தூக்கிப் போட்டுட்டுப் போவியா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருந்த உண்மையே அது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிர் இருக்கும், பிறகு இரண்டு பேருக்கும் சிறை. போகாவிட்டால் சிறை இல்லை, அவளும் இருக்க மாட்டாள்.

லாத்தா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.  உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. எங்களை வெளியேறச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் ஒரு கறுப்புப் புர்காவும் ஒரு பிளாஸ்டிக் கவரும் இருந்தன. கவருக்குள் அவருடைய ஆஸ்பத்திரி அட்டை, அரபியில் மொழிபெயர்த்து முத்திரை வாங்கிய நிக்காஹ் பேப்பர்.

"இத மாட்டிக்க. அட்டையில இருக்குற படத்துல முக்காட்டுக்குள்ள மூஞ்சி இத்தினிக்கூண்டு தெரியும். யாரும் உத்துப் பாக்க மாட்டாக. அங்க போனா ஒம் பேரு எம் பேரு."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் கேட்டேன். "லாத்தா, அப்ப உங்க வைத்தியம்? அந்த ஆஸ்பத்திரிக்கு நீங்க எப்படித் திரும்பப் போவீங்க?"

"அத இப்ப யாரு கேட்டா? டாக்சியப் புடி."

கீழே இறங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அவளுடைய தாலியைக் கழற்ற வேண்டும். நெற்றிப் பொட்டை லாத்தா ஈரத்துணியால் துடைத்துவிட்டார், மெட்டியை நான் இழுத்து எடுத்தேன். தாலியில் யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் அவன்தான் முன்னால் வந்து, கொக்கியைக் கழற்றினான். அதுவரை வலிக்குக்கூட அழாதவள் அப்போது அழுதாள். லாத்தா தன் கழுத்தில் கிடந்த கருகமணியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். அவர்களுக்கு அதுதான் தாலி. "அவுக ஜும்ஆவுல இருக்காக. தொழுகை முடிஞ்சதும் நேரா அங்க வரச் சொல்றேன். ஆபரேசன்னா புருசன் கையெழுத்துக் கேப்பாக," என்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தன்னைப் பார்க்கிற டாக்டரம்மா வரமாட்டார், திங்கட்கிழமைதான் வருவார், அதற்குள் முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றும் சொன்னார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு எங்களை அனுப்பினார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ கண்டிப்பான குரலில் பேசிக்கொண்டிருந்தார். மொழி புரியாததால் அது எங்களைப் பற்றித்தான் என்று தோன்றியது. அவன் எங்களோடு உள்ளே வரக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு வெளியே கார்கள் நிறுத்துகிற இடத்தில் இறங்கிக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் அவளைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவளுடைய தங்கச்சி என்று சொல்லிக்கொண்டேன். பொட்டில்லாத என் நெற்றி அன்றைக்கு உதவியது.

அட்டையை வாங்கினார்கள், கணினியில் பார்த்தார்கள், பேப்பரைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் ஒருவர் வெளியே வந்து லாத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இவள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார். நான் அவள் கையைக் கிள்ளினேன். தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல, "ம்" என்றாள். அந்தப் பெயர் அதுவரை எங்கள் வீட்டில் காக்கா மட்டும் கூப்பிடுகிற பெயர்.

ஸ்கேன் எடுத்ததும் எல்லோரும் வேகமானார்கள். உள்ளே இரத்தம் நிறையப் போயிருந்தது. ஆபரேஷனுக்குத் தயார் செய்யச் சொன்னார்கள். அப்போதுதான் அந்த நர்ஸ், அவரும் மலையாளிதான், கையில் பைலோடு வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

"பழைய பைல்ல வேற ப்ளட் குரூப் இருக்கு. இப்போ எடுத்ததுல வேற வருது. ஏது சரி?"

இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. நான் படித்தவள், லாத்தா ஊருக்கே புத்தி சொல்கிறவர், எங்கள் யார் மண்டையிலும் இது ஏறவில்லை. பழைய பைலை நம்பி இரத்தம் ஏற்றினால் என் தோழி அந்த மேசையிலேயே போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் இந்த நர்ஸ் அடுத்து யாரைக் கூப்பிடுவார் என்று தெரியாது. 

"இப்போ எடுத்ததுதான் சிஸ்டர் சரி. பழையதுல ஏதோ தப்பு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், படுக்கையில் கிடந்தவளைப் பார்த்தார். புர்காவுக்குக் கீழே அவள் கால் வெளியே தெரிந்தது. மெட்டி இருந்த விரலில் வெள்ளையாக ஒரு வளையத் தடம். நர்சின் கண் அங்கே நின்றது.  அவர் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினார்.

"இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணச் சொல்றேன். அதுதான் கணக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காக்கா தொழுகைத் தொப்பியோடு வந்து சேர்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வழக்கமாக என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத மனிதர். அவரை உட்காரவைத்து எதிரில் காகிதத்தை நீட்டினார்கள். கணவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். தன் பெயர், தன் மனைவியின் பெயர் எல்லாம் சரியாக எழுதினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உள்ளே போகிற பெண் மட்டும் வேறு.

நானும் காக்காவும் வெளியே காத்திருந்தோம். யாராவது சீருடையில் நடந்து வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்காருவோம். மயக்கம் தெளியும்போது அவள் தமிழில் என்ன உளறுவாள், யார் பெயரைச் சொல்வாள் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். வயதான எகிப்துக்காரர். என்னைப் பார்க்கவில்லை, நேராகக் காக்காவிடம் போனார். மனைவி பிழைத்துவிட்டார், ஒரு குழாயை எடுக்க வேண்டியதாகிவிட்டது, கரு போய்விட்டது என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னார். பிறகு காக்காவின் தோளில் கையை வைத்து, மனதை விடாதே, இன்ஷா அல்லா மறுபடியும் உண்டாகும் என்றார். காக்கா தலையை ஆட்டினார். எழுந்து நடந்தார். வாசல் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடித் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வெளியே வெயிலில் அவன் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான்.  காக்கா அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, ஒங்க வீட்டுல நல்லா இருக்காக. புள்ளதான் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, டாக்டர் தன் தோளில் வைத்த மாதிரியே அவன் தோளில் கையை வைத்தார். "மனச விடாதிய, மறுபடி உண்டாகும்னு டாக்டர் எங்கிட்டச் சொன்னாக. அது ஒங்களுக்குச் சொன்னது."

அவன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். பெற்றவனுக்குச் சேர வேண்டிய ஆறுதல் இப்படி இன்னொருவர் கை மாறித்தான் அவனுக்கு வந்தது. உள்ளே போய் அவள் கையைப் பிடிக்கக்கூட அவனால் முடியவில்லை. சனிக்கிழமை முழுவதும் அவன் அந்த வெளிச்சுவருக்கு அந்தப் பக்கமே நின்றான். காக்கா கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, லாத்தா வைத்துக் கொடுத்த கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தார். வார்டில் இருந்தவர்கள் நல்ல புருஷன் என்று சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது உடனே திரும்பினாள்.

திங்கட்கிழமை லாத்தாவின் டாக்டரம்மா வார்டுக்கு வருவார். பைலில் பெயரைப் பார்த்தால் ஓடி வருவார், வந்தால் முகத்தைப் பார்ப்பார். ஞாயிறு சாயங்காலமே சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறேன் என்று காக்கா கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். நர்ஸ் திட்டினார். தையல்கூடப் பிரிக்காத நிலையில் அவள் என் கட்டிலில் கிடந்தாள். விமானத்தைத் தள்ளிப் போட்டோம். ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் லாத்தா அவளை எழுப்பித் தன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். வந்தது தண்ணீர் கேன்காரனாகவும் லாண்டரிக்காரனாகவுமே இருந்தது. ஆனால் ஒரு முறைகூட எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கழுத்தில் மறுபடியும் தாலி. முத்திரை குத்துகிறவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வேறு எதற்காகவோ பார்த்திருப்பான்.  அவள் அந்தப் பக்கம் போய் மறையும்வரை நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. திருச்சியிலிருந்து அவன் கூப்பிட்டு, வந்துவிட்டோம் என்று சொன்னபோது காக்கா போனை வாங்கி, "அல்ஹம்துலில்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

அன்று மதியம் நானும் லாத்தாவும் என் அறையைச் சுத்தம் செய்தோம். படுக்கை விரிப்பை மாற்றினோம். புர்காவைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தார். பிளாஸ்டிக் கவரையும் அதன் மேல் வைத்தார். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு இனி அவரால் அங்கே போக முடியாது. போனால் எடுத்ததாக எழுதியிருக்கிற குழாய் உள்ளே இருக்கும், போட்டதாக எழுதியிருக்கிற தையல் வயிற்றில் இருக்காது. தனியார் மருத்துவத்துக்கு அவர்களிடம் வசதி இல்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் தலையணை உறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன்.  லாத்தா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அங்கிட்டு எம் பைல்ல என்ன எழுதியிருப்பாக?"

மறைக்க ஒன்றும் இல்லை. "குழாயில கரு இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சுன்னு இருக்கும் லாத்தா," என்றேன்.

 அவர் அலமாரியைச் சாத்தினார். முகத்தைத் திருப்பாமலேயே கேட்டார்.

"அப்ப எனக்கும் ஒரு தடவ தங்குச்சுன்னுதானே அதுல இருக்கும்?"

"ஆமா லாத்தா," என்றேன்.